மேசைக்காலுக்கு அடியில் இருந்த புத்தகம்

வீட்டுக்குள் போய்வர
ஐந்து நிமிடம் தந்தார்கள்.
மீட்புப்படைக்காரர் வாசலில் நின்று
கைக்கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.
தரைக்கடியில் யாரோ
பீப்பாய்களை உருட்டுகிற சத்தம்.

பூனையைப் பிடித்தேன்.
தோர்க்கெலின் மாத்திரைகள், காப்பீட்டுத் தாள்கள்,
எதற்கென்று தெரியாமல்
வாஃபிள் சுடும் இரும்பு.
சமையலறை மேசை ஒரு பக்கம் சாய்ந்திருந்தது.
அதன் குட்டைக் காலுக்கு
அண்டைகொடுத்த புத்தகம் விலகிக் கிடந்தது.
எரிமலைக் குழம்பு ஊரைத் தின்னப்போகிறது,
நான் மேசையைச் சரிசெய்யக் குனிந்தேன்.
நேரமாகிவிட்டது என்றது குரல்.
கையில் இருந்ததோடு ஓடிவந்தேன்.

விளையாட்டரங்கில் நூற்றுப்பத்துக் கட்டில்கள்.
கூடைப்பந்து வளையத்துக்குக் கீழே எங்கள் இரண்டு.
எல்லோர் முகத்திலும் கைபேசியின் நீலம்:
இன்று எத்தனை நடுக்கம், எவ்வளவு ஆழம்,
விரிசல் எந்தத் தெரு வரை.
எங்கள் தெரு மீன்கிடங்குக்குப் பின்னால்.
விரிசல் மீன்கிடங்குக்கு முன்னால்.
தோர்க்கெல் தூங்குவதாக நடித்தார்.
நான் நம்புவதாக நடித்தேன்.

மூன்றாம் இரவு என் கைபேசி செத்தது.
அதனால்தான் புத்தகத்தைத் திறந்தேன்,
பக்தியால் அல்ல, சொல்லிவிடுகிறேன்.
அனுதின தியானம். நாளுக்கு ஒரு பக்கம்.
பழைய சாமான் கடையில்
தடிமனை விரலால் அளந்து வாங்கியது.
அட்டையில் ஒரு வட்டம்.
காபிக் கறை என்று நினைத்துத் தடவினால்
மேசைக்கால் அழுத்திய பள்ளம்.
முதல் தாளில் ஒரு பெயர்: ஸ்டெயின்வோர்.

பிப்ரவரி பதினேழு.
எந்தப் போதகரோ எழுதியிருந்தார்:
பனிப்புயலுக்குப் பிறகு ஆடு தேடிப்போனவன்
ஆட்டைக் காணவில்லையாம்;
அதன் மூச்சுப்பட்டு
பனியின் மேலே விழுந்திருந்த
சிறு துளையைக் கண்டானாம்.
அங்கே தோண்டினானாம்.
பிறகு ஆண்டவரைப் பற்றி ஏழெட்டு வரிகள்.
நல்ல வரிகள்தான். மனதில் நிற்கவில்லை.

நின்றது, ஓரத்தில் பென்சிலில் இருந்தது:
“படித்தேன். பயம் போகவில்லை.
காபி போட்டேன்.”

அடுத்த பக்கம்: “படித்தேன். தென்கிழக்குக் காற்று.
படகு வரவில்லை.”
“படித்தேன். கோபம்.”
“படிக்கவில்லை.”
பிறகு ஒரு வாரம் வெறும் ஓரங்கள்.
மார்ச் இரண்டு: “படித்தேன். ரொட்டி கருகிவிட்டது.”
படகு வந்ததா என்று எங்கும் இல்லை.
டிசம்பர் வரை தேடிவிட்டேன்.

திடப்படுத்தல் வகுப்பில்
விசுவாசம் என்றால் பயமின்மை என்று எழுதி
முழு மதிப்பெண் வாங்கியவள் நான்.
இந்தப் பெண்ணோ
பயத்துக்கும் ஒரு நாற்காலி இழுத்துப் போட்டு,
ஒரு கோப்பை ஊற்றிவைத்து,
அதன் எதிரிலேயே உட்கார்ந்து படித்திருக்கிறாள்.
அந்த எழுத்தைத் தொட்டுப் பார்த்தேன்.
ஒரு துளை அளவுதான் இருந்தது.

“என்ன அது, சத்தமாகப் படி”
என்றாள் பக்கத்துக் கட்டில் ஆஸ்டிஸ்.
பத்து வருடம் வேலிச் சண்டை எங்களுக்கு.
வேலி இப்போது எந்தப் பக்கம் இருக்கிறதோ.
படித்தேன்.
“ஆடு உயிரோடு இருந்ததா?”
“போடவில்லை.”
கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை.
மேலே வளையத்தின் வலை
தானாக ஆடி, நின்றது.
கண்ணைத் திறக்காமல் தோர்க்கெல் சொன்னார்:
“இருந்திருக்கும். துளை இருந்ததே.”

அதற்குப் பிறகு அவர் நிஜமாகவே தூங்கினார்.
குறட்டையை வைத்துச் சொல்கிறேன்.

அங்கே மேசை சாய்ந்தே நிற்கும்,
நின்றால்.
ஆஸ்டிஸிடம் புருவப் பென்சில் வாங்கி
அந்தக் குறிப்புக்குக் கீழே எழுதினேன்,
மை கொஞ்சம் இழுவியது:
“நானும் படித்தேன்.
காபி இயந்திரம் பழுது.”